ஹோசியத் தைத்த சீர் மெத்தைகள்

ஹோசியத்தின் வீட்டில் குப்பை என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மர்கிலான் ஊரில் சிக்கனக்காரிகளுக்குப் பஞ்சம் கிடையாது. கொதித்த தேயிலையைக் காயவைத்து மறுபடி கூஜாவில் போடுகிற மகராசிகள் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் இவள் வேறு ரகம். கிழிந்த ரப்பர்ச் செருப்பை வெட்டிக் கோழிக்கூண்டுக் கதவுக்குக் கீலாக அடிப்பாள். வெட்டியதில் மிஞ்சிய துணுக்கு தண்ணீர்க் குழாய்க்கு வாஷராகப் போகும். மூக்கு உடைந்த தேநீர்க் கூஜாவில் ரைஹான் துளசி வளரும். உடைந்த கிண்ணங்களின் சில்லுகள் வாசலில் சேறு ஆகாமல் பதிந்து கிடக்கும். கம்பளிக் காலுறை ஓட்டை விழுந்தால் பிரித்து நூலாக்கிக் குழந்தைக்குக் குல்லாய் பின்னுவாள். பழைய தலைத்துணிகளைக் கீறிப் பின்னினால் மாடு கட்டக் கயிறு. தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் உருக்கி, கிண்ணத்தில் ஊற்றி, வட்டமாகப் புதுச் சோப்பு எடுத்துவிடுவாள்.

கேட்கிறவர்கள் கெட்டிக்காரி என்பார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. ஏனென்றால் அந்தச் செருப்பு, கூஜா, காலுறை, சோப்பு எல்லாமே செத்துப்போனவர்களுடையவை. ஹோசியத் மையத்துக் குளிப்பாட்டுகிறவள்.

ஒரு பெண் கண்ணை மூடினால் குளிப்பாட்டுகிறவளுக்கு அந்த வீட்டிலிருந்து பங்கு உண்டு. கடைசியாக உடுத்தியிருந்த துணி, படுத்திருந்த மெத்தை, போர்வை, கூடவே நல்ல உடுப்பில் நாலைந்து, குளிப்பாட்டிய சோப்பு, செம்பு, துவாலை. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அன்றைய பொழுது சாய்வதற்குள் அது வாசலைத் தாண்டிவிட வேண்டும். அந்த மூட்டையைக் கட்டுவது என் கை. நான் இனோபத். எங்கள் தெருவில் கல்யாணமா, சுன்னத்தா, சாவா, எதுவானாலும் அடுப்பை எங்கே மூட்டுவது, யாரை எங்கே உட்காரவைப்பது என்று முன்னே நின்று நடத்துகிறவள். என் வாய்க்குப் பயந்துதான் பாதி வீட்டில் சண்டை நிற்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மீதிப் பாதியில் சண்டை என்னால்தான் என்பதை அவர் சொல்லமாட்டார்.

இந்த வேலையைக் கேட்டு வாங்குகிறவர் யாருமில்லை. தாய்க்குப் பின் மகள், மாமியாருக்குப் பின் மருமகள் என்று அது தானாக இறங்கும். ஹோசியத்துக்கு மாமியாரிடமிருந்து இறங்கியது. கல்யாணமாகி வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அந்தக் கிழவி படுத்துவிட, குளிப்பாட்டும் செம்பு இவள் கைக்கு வந்தது. கொஞ்ச நாளில் புருஷனும் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஒரே மகள், முனோஜத். அந்தக் குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே ஹோசியத் என்னிடம் சொன்னாள்.

"அக்கா, இந்தச் செம்பு என்னோட போகணும். என் பொண்ணு கைக்குப் போகக் கூடாது."

"போகாதுடி. நான் இருக்கேன்ல?" என்றேன். நான் என்ன அல்லாஹ்வா? ஆனாலும் சொன்னேன்.

தெரு அவளை எப்படி வைத்திருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு வயிறு எரியும். சாவு வீட்டில் அவள் இல்லாமல் ஒன்றும் ஆகாது. வேலை முடிந்ததும் அவளுக்கென்று தனிக் கிண்ணத்தில் தேநீர் வரும், அதுவும் வாசல் படியில். கல்யாண வீட்டில் எதிரே வந்தால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பின்னால் விட்டுக்கொள்வார்கள். அவள் கையால் ரொட்டி வாங்கிச் சாப்பிட மாட்டார்கள். என் வீட்டில் தனிக் கிண்ணம் கிடையாது. என் அம்மாவைத் தலை முதல் கால் வரை, பூ மாதிரி, ஒரு வார்த்தை பேசாமல் குளிப்பாட்டியவள் அவள். அவளுக்குத் தனிக் கிண்ணம் வைத்தால் என் அம்மா கபரிலிருந்து எழுந்து வந்து என்னை அறைவாள்.

மூட்டை வந்ததும் வீட்டுக்குள் எடுத்துப் போகமாட்டாள். பின்பக்கத்து முசுக்கட்டை மரத்தில் நாற்பது நாள் தொங்கும். வெயில், காற்று, மழை எல்லாம் பட வேண்டும். பிறகு இறக்கி, தையலைப் பிரிப்பாள். பிரித்த நூலைக்கூட ஒரு குச்சியில் சுற்றி வைப்பாள். சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்த உருக்கிய சோப்பால் அடித்துத் துவைத்து, வெளுத்துப்போனதை வாதுமைத் தோட்டிலும் மாதுளம் ஓட்டிலும் முக்கிச் சாயம் ஏற்றுவாள். மெத்தைப் பஞ்சைக் கூரையில் பரப்பி, இரண்டு கையிலும் விளாறு வைத்துக்கொண்டு அடி அடியென்று அடிப்பாள். பஞ்சு பால் நுரையாகப் பொங்கும். அப்புறம் துணியை முக்கோணம் முக்கோணமாக வெட்டி ஒட்டு மெத்தை தைப்பாள். அவள் தையல் எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று நானும் எத்தனையோ தடவை தேடிப் பார்த்திருக்கிறேன்.

தெருவில் அதை யாரும் வாங்க மாட்டார்கள், தெரியும். அதனால் சந்தைக் கடைக்காரி ஒருத்தி மொத்தமாக எடுத்துப் போவாள். அவளிடமிருந்து எங்கள் தெருப் பெண்கள் பேரம் பேசி வாங்கி வருவார்கள்! ஆமாம். பாதி வீட்டில் விருந்தாளி உட்காருவது ஹோசியத் தைத்த மெத்தையில்தான். அதில் சம்மணம் போட்டுக்கொண்டே, "அவ கைபட்டது எதுவும் நம்ம வீட்டுக்கு வேணாம்மா" என்பார்கள். நான் தேநீரை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்ப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. நிறைந்த வயசில் ஒருத்தி போனால் அந்த வீட்டில் புதுத் துணியைக் கிழித்து வந்தவர்களுக்கு எல்லாம் ஒரு துண்டு கொடுப்பார்கள். அதை முட்டி மோதி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்ப் பேரப்பிள்ளை போர்வையில் தைப்பார்கள், ஆயுசு ஒட்டும் என்று. அதே சாவு, அதே வீடு. இந்த வாசலால் போகிற துணி பரக்கத்து, அந்த வாசலால் போகிற துணி பீடை. கேட்டால் வழக்கம் என்பார்கள்.

முனோஜத் இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெண். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'சோப்பு'. அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். அம்மா தைத்த எதையும் அவள் உடம்பில் போட்டுக்கொண்டதில்லை. அரசாங்கம் கொடுத்த ஒரே ஒரு பள்ளிக்கூட உடுப்பை மாலையில் துவைத்து, அடுப்பருகே காயவைத்து, காலையில் போட்டுக்கொண்டு போவாள். ஹோசியத் கட்டிக் கொடுத்த ரொட்டியை வழியில் நாய்க்குப் போட்டுவிடுவாள். அதை ஹோசியத்தே ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, கேட்டியா அவளை?" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? நாய் நல்லாச் சாப்பிட்டுச்சுக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

பள்ளி முடிந்ததும் பெண்ணைக் கோகந்துக்கு அனுப்பினாள். அங்கே தையல் கூடத்தில் வேலை, அங்கேயே விடுதி. அந்தக் கூடத்துக்குத் துணி கொடுக்க வந்த சலோமத் என்கிற பெண்மணிக்கு முனோஜத்தைப் பிடித்துப்போனது. ஒரே மகன் உமீத், லாரி மெக்கானிக். வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் கட்டிக்கொடுக்க இருந்தார்கள். 'பொண்ணு அடக்கம், கை சுத்தம்' என்று சலோமத் ஆள் அனுப்பி விசாரிக்கச் சொன்னாள்.

எங்கள் பக்கம் பெண் கேட்கிறவர்கள் நேரே பெண் வீட்டுக்கு வரமாட்டார்கள். முதலில் நாலு வீடு தள்ளிக் கதவைத் தட்டி, "அந்த வீடு எப்படி?" என்பார்கள். ஒரு வாய் பிசகினால் போதும். நான் தெரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன்.

"யாராவது வந்து ஹோசியத் என்ன பண்றான்னு கேட்டா, மெத்தை தைக்கிறான்னு சொல்லுங்க."

"அது எப்படி அக்கா..." என்று ஒருத்தி இழுத்தாள்.

"ஏன், தைக்கலையா? உன் புட்டத்துக்குக் கீழே இருக்கே, அது யாரு தைச்சதுன்னு நினைக்கிறே?" என்றேன். அவள் உட்கார்ந்திருந்த மெத்தையிலிருந்து தேள் கொட்டியது போல எழுந்தாள். அதற்கப்புறம் யாரும் மூச்சு விடவில்லை. ஊரிலேயே வாய் நீண்டவள் கூட, "மெத்தைக்காரி, நல்ல குடும்பம்" என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு எங்கள் தெருவை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

நாள் குறித்தார்கள். ஹோசியத் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குளிப்பாட்டுகிறவளிடம் பேசி முடித்தாள்: கல்யாணம் முடிந்ததும் எங்கள் தெருக்களையும் அவளே பார்த்துக்கொள்வாள். ஹோசியத் செம்பைக் கீழே வைத்துவிடுவாள். இனி மையத்தைத் தொடாத ஒருத்தியின் மகளாக முனோஜத் வாழலாம்.

சீர் என்றால் எங்கள் பக்கம் மெத்தைதான். மணப்பெண்ணின் மெத்தைகள் கூரை முட்ட அடுக்கியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். அது மாஸ்கோ சர்க்கார் கவிழ்ந்து போயிருந்த சமயம். பட்டு ஆலை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. கடை அலமாரிகளில் தூசிதான் இருந்தது, துணி இல்லை. ஆனால் ஹோசியத்திடம் துணி இருந்தது. முனோஜத் பிறந்த வருஷத்திலிருந்து நல்லதை நல்லதைப் பொறுக்கித் தனிப் பெட்டியில் போட்டு வந்திருந்தாள்.

"பேரன் பேத்தி எடுத்தவங்க துணி மட்டும்தான்க்கா இதுல. வாழ்ந்து முடிச்சவங்க. அந்த ஆயுசு என் பொண்ணுக்கு ஒட்டட்டும்."

முனோஜத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். "முதல்ல அழுதா. அப்புறம், கடையில வாங்கினதுன்னு யாரு கேட்டாலும் சொல்லும்மான்னா."

எல்லாம் தைத்து முடித்து, அடுக்கின் உச்சியில் வைக்கிற மெத்தை ஒன்று பாக்கி. வருகிறவர்கள் கண் முதலில் அதில்தான் விழும். அதற்கு வெல்வெட்தான் வேண்டும். ஹோசியத் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தாள். மாதுளம்பழச் சிவப்பு. கை வைத்தால் உள்ளே அமிழும். ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பொன் நூலில் ஒரு பாதாம் கொட்டை பின்னியிருந்தது.

"இது கிழவி உடுத்தறது இல்லையே" என்றேன்.

அவள் குனிந்து துணியின் மடிப்பை நீவிவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பிரசவத்தில் போன ஒரு பெண்ணை அவள் குளிப்பாட்டியது நினைவு வந்தது. வெளியூர்ப் பெண், எங்கள் ஊருக்கு வாழ வந்தவள்.

"வேணாண்டி. இளசா போனவ துணி. நீயே இதையெல்லாம் தரை துடைக்கத்தானே வெட்டுவே?"

"வெல்வெட்டுக்கா. ஊர் பூரா சுத்தி ஒரு முழம் கொண்டுவா, இதை இப்பவே அடுப்புல போடறேன்."

நான் எங்கே போவேன் வெல்வெட்டுக்கு? "சரி, அந்தப் பாதாமையாவது வெட்டிடு. அது வேற ஒருத்தி கைவேலை" என்றேன்.

ஹோசியத் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பொன் நூலைத் தடவிக்கொண்டிருந்தாள். "எவ்ளோ ஆசையாப் போட்டிருக்கா பாருங்க. இதை எப்படிக்கா வெட்டறது?" என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். பாதாம் மெத்தையின் நடுவில் ஏறி உட்கார்ந்தது.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் முகம் காட்டும் சடங்கு, கோகந்தில், மாப்பிள்ளை வீட்டில். பெண் வீட்டுப் பெண்களோடு நானும் போனேன். ஹோசியத் வரவில்லை. பெண்ணின் தாய் அன்றைக்கு வரக் கூடாது என்பது வழக்கம், அவளுக்கும் அது வசதி. பெரிய கூடம். சுவரெல்லாம் சீர் உடுப்புகள் தொங்க, மூலையில் மெத்தை அடுக்கு. வந்த பெண்கள் உட்காருவதற்குக் கீழே விரித்திருந்ததும் அவள் தைத்ததில் சிலதுதான். முனோஜத் முக்காட்டுக்குள் நின்று, பெயர் சொல்லப்படும் ஒவ்வொரு பெரியவருக்கும் குனிந்து சலாம் வைத்துக்கொண்டிருந்தாள். பலாவ் தட்டுகள் வந்தன. பெண்கள் மெத்தைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். "இந்தக் காலத்துல வெல்வெட்டா! எங்கே பிடிச்சாங்க?" சலோமத்துக்குத் தலை கால் புரியவில்லை. எல்லோருக்கும் தானே தேநீர் ஊற்றினாள்.

அவள் பக்கத்து வீட்டுக்காரி ஜெபினிசோ. ஒடிந்து விழுகிற மாதிரி ஒரு பெண். தேநீர்க் கிண்ணத்தோடு எழுந்து போய் அடுக்கின் முன் நின்றாள். வெல்வெட்டைத் தடவினாள். கை பாதாமில் வந்து நின்றது. அதற்கப்புறம் நகரவில்லை.

"இது என் கை" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. "என்னம்மா?" என்றாள் சலோமத்.

"டீ கொதிக்கிற சமோவார்லேருந்து கங்கு தெறிச்சு ஓட்டை விழுந்துச்சு. அவ அழுதா. அதை மறைக்கத்தான் நான் இந்தப் பாதாமைப் போட்டேன். பாருங்க, பின்னாடி கருகின தடம் இருக்கும். குல்செஹ்ராவோடது. என் குல்செஹ்ராவோடது."

கிண்ணம் விழுந்து உடைந்தது. அவள் அந்த மெத்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்கு வாயா இல்லை? ஆனால் அவள் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மகளின் வாசனை கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று.

ஒருத்தி மெல்லக் கேட்டாள். "குல்செஹ்ரா மர்கிலான்லதானே மவுத்தானா?"

அவ்வளவுதான். செத்தவள் துணி யார் கைக்குப் போகும் என்று அந்தக் கூடத்தில் தெரியாதவர் யாருமில்லை. யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் ஒருத்தி எழுந்தாள், பிறகு எல்லோரும். உட்கார்ந்திருந்த மெத்தைகளைக் காலால்கூடத் தொடாமல் சுவரோரம் ஒதுங்கினார்கள். பலாவ் தட்டில் கை வைத்தவள் கையைத் தூரப் பிடித்துக்கொண்டாள். நடுவில் முனோஜத் மட்டும் நின்றாள். சலாம் வைத்தபடி குனிந்த முதுகை நிமிர்த்தாமலே நின்றாள்.

"ஏன் எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க? துணிதானே! துவைச்ச துணிதானே!" என்று நான் கத்தினேன்.

சலோமத் கையிலிருந்த தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்தாள். "பொண்ணை உள்ளே கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஜெபினிசோவிடம் குனிந்து, "நீங்க அதை எடுத்துட்டுப் போங்கக்கா, தயவுசெஞ்சு" என்றாள்.

யாரும் முனோஜத்தை அடிக்கவில்லை, ஏசவில்லை. மறுநாள், 'ரெண்டு நாள் அம்மாகூட இருந்துட்டு வரட்டும்' என்று காரில் ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த நாள் ஒரு லாரி வந்து மெத்தைகளை எங்கள் தெருவில் இறக்கிவிட்டுப் போனது. கட்டிய கயிறு கட்டியபடி இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கூப்பிட ஆள் வராது.

தாயும் மகளும் அன்று பேசியதை நான் கேட்டேன். வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் பாதாமை வெட்டி எறிஞ்சிருக்கக் கூடாதாம்மா? ஒரு கை அகலம். அதைக்கூட உன்னால எறிய முடியலையா?"

"நல்லா இருந்துச்சு கண்ணு. மனசு வரல."

"எதையுமே எறிய மாட்டே நீ. எதையுமே!" என்று கத்திக்கொண்டே முனோஜத் மெத்தைகளை முற்றத்தில் இழுத்துப் போட்டு மிதித்தாள். ஹோசியத் தடுக்கவில்லை. மகள் களைத்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணைத் தட்டி மடித்து வைத்தாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஒரு தடவை ஹோசியத்தோடு கோகந்துக்குப் போனேன். சலோமத் கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என் தலையில செருப்பால அடிங்க சம்பந்தி" என்றாள் ஹோசியத். "குளிப்பாட்டறது நான். என் பொண்ணு ஒரு நாள் அந்தத் தண்ணியைத் தொட்டதில்லை. நான் செம்பைக் கீழே வெச்சுட்டேன். என் மூஞ்சியைக்கூட இனிமே நீங்க பார்க்க வேணாம். அவளை மட்டும் வெச்சுக்குங்க."

சலோமத் அழுதாள், பொய் சொல்ல மாட்டேன். "எனக்கும் கல் மனசு இல்லை. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லை. ஆனா எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு. அண்ணி யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? யாரு என் வாசப்படி ஏறுவா?"

"உமீத் என்ன சொல்றான்? அவன் வாயில கொழுக்கட்டையா?" என்று நான் கேட்டேன். மாடி ஜன்னலில் திரை அசைந்தது. அவன் இறங்கி வரவில்லை. மாதம் முடிவதற்குள் தலாக் சொல்லித் தன் மாமன் மூலம் சேதி அனுப்பினான், மண்ணாங்கட்டி.

அதற்கப்புறம் ஹோசியத் தைக்கவில்லை. முசுக்கட்டை மரத்தில் ஒன்றும் தொங்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரிதான் எங்கள் தெரு மையத்துகளுக்கு வந்து போனாள். முனோஜத் வேலைக்குப் போகவில்லை. கோகந்துத் தையல் கூடத்துக்கும் சேதி எட்டிவிட்டது. இருந்தும் ஹோசியத் விடவில்லை. "தாஷ்கெண்டுல யாருக்கும் தெரியாதுக்கா. அங்கே ஒரு கூடத்துல கேட்டிருக்கேன். வசந்தத்துல அனுப்பிடறேன்" என்பாள். பேசப் பேச இருமல் வரும். அந்தக் குளிர்காலத்தில் நிலக்கரியும் இல்லை. விற்றிருக்கலாம் அந்த மெத்தைகளை. சந்தைக்காரி வந்து கேட்டாள். அது முனோஜத்தின் சீர் என்று கொடுக்கவில்லை.

வசந்தம் வருவதற்குள் ஹோசியத் போய்விட்டாள். காலையில் முனோஜத் வந்து என் கதவைத் தட்டினாள். "பெரியம்மா, அம்மா எழுந்திருக்கல" என்றாள். போய்ப் பார்த்தேன். எழுந்திருக்கிற உடம்பு இல்லை அது.

எனக்குத் தெரிந்த வேலை. ஓடினேன், ஆள் அனுப்பினேன், தண்ணீர் சுடவைத்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரியைக் கூப்பிடச் சொன்னேன். பனி உருகிப் பாதை சேறு, அவள் வர நேரமாகும் என்று சேதி வந்தது. தெருப் பெண்கள் வந்து முற்றத்தில் நின்றார்கள். ஒருத்தி விடாமல் வந்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய தாய்மார்களையெல்லாம் குளிப்பாட்டியவள் அல்லவா?

முனோஜத் சட்டைக் கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நானே குளிப்பாட்டறேன்."

அவளை மூலைக்கு இழுத்துப் போனேன். "நீ தண்ணி மட்டும் ஊத்து. பெத்த மக தண்ணி ஊத்தலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கையால தொடாதே. அவ வந்துடுவா, இன்னும் கொஞ்ச நேரம்."

"தொட்டா என்ன ஆகும் பெரியம்மா?"

"என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? முழுசாக் குளிப்பாட்டி முடிச்சவ கைக்குத்தான் செம்பு. நாளைக்கே இந்தத் தெரு உன்னைத் தேடி வரும். தாஷ்கெண்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. அதுக்காகவா உங்கம்மா இத்தனை வருஷம்..."

அவள் என்னைப் பார்த்தாள். "அவ கையால நான் ஒரு வாய் ரொட்டி தின்னதில்லை. தெரியுமா உங்களுக்கு? தெருவுல யாரும் தின்னதில்லை, நானும் தின்னதில்லை. இன்னிக்கும் அவளை வேற ஒருத்தி கையில விட்டுட்டு நான் ஒதுங்கி நிக்கணுமா?"

என் கையை விலக்கிவிட்டு உள்ளே போனாள். நான் தண்ணீர் ஊற்றினேன். யாரிடமும் கற்றுக்கொள்ளாத பெண், ஆனால் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. தலையை எப்படித் தாங்குவது, எந்தப் பக்கம் முதலில் திருப்புவது என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் விரல்களை மட்டும் வெகுநேரம் கழுவினாள். ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல்கள். கஃபன் துணி கட்டி முடித்து ஆண்கள் தூக்கிப் போகும்வரை அவள் அழவில்லை. நான்தான் ஊளையிட்டுக்கொண்டிருந்தேன்.

பாக்கி இருந்தது என் வேலை. ஹோசியத் உடுத்தியிருந்தது, படுத்திருந்தது, சோப்பு, துவாலை, செம்பு. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினேன். கட்டும்போது நினைத்தேன், இதைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிடலாம், அடுப்பில் போட்டுவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? திரும்பிப் பார்த்தால் முற்றம் நிறையப் பெண்கள். எல்லோர் கண்ணும் மூட்டையின் மேல் இருந்தது. ஒருத்தி மட்டும் மரியாதையாக, "குளிப்பாட்டினவளுக்குக் கொடுத்துடுங்க அக்கா, பொழுது சாயறதுக்குள்ளே" என்றாள்.

நான் நகரவில்லை. என்னைப் பெற்றவள் வந்து சொல்லியிருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன். முனோஜத்தே வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். பின்பக்கம் போய் முசுக்கட்டை மரத்தில் கட்டினாள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்து, நான் அவளோடு உட்கார்ந்திருந்தேன். கதவை யாரோ தட்டினார்கள். கோடி வீட்டுக்காரர். படியேறவில்லை, தெருவிலேயே நின்றார். அவருடைய அம்மா விடியலில் போய்விட்டாராம்.

"குளிப்பாட்டறவங்க இருக்காங்களா?" என்றார்.

"இல்லை, செத்துட்டா, தெரியாதா உனக்கு?" என்று நான் எகிறினேன்.

முனோஜத் எழுந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இருக்கேன்" என்றாள். "தண்ணியைச் சுடவைங்க, வர்றேன்."